முன்வரிசைத் தலையியல்: ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் கச்சேரி டிவிடிகளை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வுச் சிக்கல்

2005 அக்டோபர் 16 அன்று சென்னை நேரு உள்விளையாட்டரங்கில் இளையராஜா கச்சேரி செய்தார். பெயர் 'அன்றும் இன்றும் என்றும்'. ஏறக்குறைய நாலு மணி நேரம். ஜெயா டிவி அதை ஒளிபரப்பியது. 2011 டிசம்பர் 28 அன்று அதே அரங்கில் 'என்றென்றும் ராஜா'. இவை நடந்தன என்பதில் அறிஞரிடையே கருத்து வேற்றுமை இல்லை. பாட்டு நன்றாயிருந்ததா என்பதிலும் இல்லை. ராஜபாளையத்தில் ஒருவர் வீட்டு ஷோகேஸில், பேரன் வாங்கிய கேடயத்துக்கும் தலையாட்டி பொம்மைக்கும் நடுவே நிற்கிற டிவிடி ஒரிஜினலா, திருட்டு டிவிடியா என்பதில்தான் அடிதடி.

இதில் இரு கொள்கைகள் உள. ராஜபாளையத்தார் கொள்கை: காசு கொடுத்து வாங்கியிருந்தால் அது ஒரிஜினல். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஸ்ரீவில்லிபுத்தூரார் கொள்கை: ராஜபாளையத்தார் வாங்கியிருந்தால் அது ஒரிஜினல் அல்ல. இவ்விரண்டையும் வடகலை, தென்கலை என்று பிரித்தால் வசதியாக இருக்கும். வரைபடத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர்தான் வடக்கே இருக்கிறது. ஆனால் அந்த ஊரை வடகலை என்று எழுதிவிட்டு அங்கே பஸ்ஸை விட்டு இறங்கும் துணிவு இக்கட்டுரையாளருக்கு இல்லை.

ஆய்வின் எல்லை

டிவிடியைப் போட்டுப் பாட்டுக் கேட்பது இவ்வாய்வின் எல்லைக்குள் வராது.

கருதுகோள்

வைத்திருப்பவர் நமக்குச் சொந்தக்காரராக இல்லாதவரை, எல்லா டிவிடியும் திருட்டு டிவிடியே.

முன்னோடி ஆய்வுகள்

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு இந்த மாதிரி ஆராய்ச்சி புதிதல்ல. வெள்ளியும் வியாழனும் வானத்தில் நின்ற நிலையை ஆண்டாள் திருப்பாவையில் போகிற போக்கில் சொல்லிவைத்தார். அதைப் பிடித்துக்கொண்டு மு. இராகவையங்கார் 'ஆழ்வார்கள் காலநிலை'யில் கணக்குப் போட்டு, அந்தப் பாட்டின் காலம் கி.பி. 731 என்று முடித்தார். பின்வந்தோர் அதே வெள்ளியையும் அதே வியாழனையும் வைத்துக்கொண்டு வேறு ஆண்டுகளுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். முப்பது பாட்டில் அறிஞர்களுக்குத் தேவைப்பட்டது ஒரே ஓர் அடி. மிச்சமெல்லாம் மார்கழிக் குளிரில் எழுந்து பாடுகிறவர்களுக்கு. அந்த முறையியலையே நாமும் அடியொற்றுகிறோம். அங்கே வெள்ளி என்றால் இங்கே மேடை விளக்கு, அவ்வளவுதான் வேறுபாடு.

அயல்நாட்டு முன்னோடிகளையும் சொல்லாவிட்டால் தேர்வாளர் கோபித்துக்கொள்வார். நியூயார்க் மெட்ரோபாலிடன் ஓபராவில் 1901 முதல் 1903 வரை, மேடையில் பாடிக்கொண்டிருக்கும்போதே எடிசன் மெழுகு உருளைகளில் பதிவு செய்தவர் லயனல் மேப்பிள்சன். அவர் அந்த அரங்கத்தின் நூலகர். பேச வேண்டாம் என்று பலகை மாட்டுகிற இனத்திலிருந்து இத்துறையின் மூலபுருஷர் தோன்றியது கவனிக்கத்தக்கது. 1969-இல் பாப் டிலனின் பாட்டுகள் 'கிரேட் ஒயிட் வொண்டர்' என்ற திருட்டு இசைத்தட்டாக, வெறும் வெள்ளை உறையில் வெளிவந்தன. 1984-இல் கிரேட்ஃபுல் டெட் குழுவினர், வருகிறவர்கள் எப்படியும் டேப் போடத்தான் போகிறார்கள் என்று கண்டு, டேப் போடுகிறவர்களுக்கென்றே தனி இடம் ஒதுக்கிவிட்டார்கள். உச்சம் 1991. டிலனின் கம்பெனியே 'பூட்லெக் சீரிஸ்' என்று பெயர் வைத்து, தன் முத்திரை போட்டு, பழைய பதிவுகளை வெளியிட ஆரம்பித்தது. ஒரிஜினல் டூப்ளிகேட். மேல்நாட்டார் இதற்குத் தொண்ணூறு ஆண்டு எடுத்துக்கொண்டார்கள். நம் ஊரில் எந்த பஸ் ஸ்டாண்டிலும் இந்தச் சரக்கு கேட்டவுடன் கிடைக்கும் (வாய்மொழித் தரவு: டீக்கடைப் பெஞ்ச், இடது ஓரம்).

கேசட் காலத்தில் இச்சிக்கலே எழவில்லை என்பதையும் பதிவு செய்ய வேண்டும். ரெக்கார்டிங் சென்டரில் பாட்டுப் பட்டியலை எழுதிக் கொடுப்போம். அறுபதா, தொண்ணூறா என்பார்கள். ரெண்டு நாள் கழித்துப் போனால் டிடிகே கேசட்டில் பாட்டு ஏறியிருக்கும், அட்டையில் பச்சை மையில் பாட்டின் முதல் வரிகள். இது ஒரிஜினலா என்று அந்தக் கடையில் யாரும் கேட்டதில்லை, கேட்டால் கடைக்காரர் அடுத்த பட்டியலை வாங்க மாட்டார். ஏ பக்கத்தின் கடைசியில் மூன்று நிமிடம் மிஞ்சினால் கடைக்காரர் தமக்குப் பிடித்த பாட்டு ஒன்றை அடித்துவிடுவார். இதை இடைச்செருகல் என்று பதிப்பாசிரியர்கள் ஒதுக்குவர். நாமறிந்த பலருடைய ரசனை அந்த இடைச்செருகலில்தான் உருவாயிற்று என்பதை அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை.

பிரிண்ட் பாகுபாடு

தியேட்டர் பிரிண்ட்: கச்சேரிக்குப் பொருந்தாது.

கேமரா பிரிண்ட்: கீழே தலையியலில் காண்க.

டிவி பிரிண்ட்: மூலையில் சேனல் சின்னம் இருக்கும். சின்னம் இருப்பதால் இது டிவியிலிருந்து பிடித்தது, ஆகவே திருட்டு என்பர் ஒரு சாரார். சின்னம் இருப்பதால்தான் இது சேனலே எடுத்தது, ஆகவே ஒரிஜினல் என்பர் மறு சாரார். சின்னத்தின் மேல் யாரோ கறுப்புப் பட்டை ஒட்டியிருக்கும் பிரதி ஒன்றும் உண்டு. அதைக் கண்டால் இரு சாராரும் மௌனம் காக்கின்றனர்.

மாஸ்டர் பிரிண்ட்: கண்டவர் விண்டிலர், விண்டவர் கண்டிலர். பர்மா பஜாரில் ஒருவரிடம் இருக்கிறதாம்.

உறை, தட்டு ஆகிய புறச்சான்றுகள்

அச்சு பளிச்சென்று இருந்தால் ஒரிஜினல், மங்கலாக, முகமெல்லாம் பச்சையடித்து இருந்தால் திருட்டு என்று சென்னை அறிஞர் சொல்லக்கூடும். அவர் விதி எங்கள் மாவட்டத்தில் செல்லாது. சிவகாசி பக்கத்திலேயே இருக்கிறது. இங்கே பூப்புனித நீராட்டு விழா நோட்டீஸே நாலு கலரில், தங்க ஓரத்தோடு, மணமணக்க வரும். அழகான அச்சைக் கண்டு அசல் என்று மயங்குவது வெளியூர்க்காரர் குணம்.

எழுத்துப்பிழை விதி இதனினும் சிக்கலானது. பிழை மலிந்தது திருட்டு என்பது பழங்கொள்கை. கள ஆய்வில் தலைகீழாக வந்தது. திருட்டு உறையில் பாட்டு வரிகளை எழுதியவன் ரசிகன், ஒற்று கூட விடுவதில்லை. 'ஒரிஜினல்' என்று சத்தியம் செய்யப்பட்ட உறையிலோ தமிழ்ப் பாட்டு ஒன்று ஆங்கிலத்துக்குப் போய், மறுபடி தமிழுக்குத் திரும்பி, வழியில் இரண்டு மெய்யெழுத்தைத் தொலைத்திருந்தது.

தட்டைப் பொறுத்தவரை ஓரளவு உறுதியான சான்று உண்டு. ஆலையில் அழுத்தி எடுத்த தட்டின் அடிப்பக்கம் வெள்ளி போல இருக்கும். கம்ப்யூட்டரில் எரித்த தட்டின் அடியில் சாயப்பூச்சு இருப்பதால் ஊதா அடிக்கும். அழுத்தின தட்டில் நடு ஓட்டையைச் சுற்றிப் பொடி எழுத்தில் ஐ.எஃப்.பி.ஐ. என்று தொடங்கும் குறியீடு பொறித்திருப்பதும் வழக்கம். பஞ்சு மார்க்கெட் பக்கம் ஒரு செல்போன் கடையில் நடந்த உரையாடலை அப்படியே தருகிறோம்.

"அண்ணாச்சி, தட்டைத் திருப்புங்க."

"எதுக்குப்பா?"

"அடியில ஊதா அடிச்சா டூப்பு."

அண்ணாச்சி தட்டின் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, டியூப்லைட்டுக்கு நேரே தூக்கினார். நடு ஓட்டை வழியாக அவருடைய ஒரு கண் தெரிந்தது.

"ஊதாவாத்தான் இருக்கு."

"அப்ப டூப்பு."

"ஏம்ப்பா, உன் சட்டையும் ஊதாதான். அது தட்டுல விழுதுல்ல?"

தம்பி சட்டையைப் பார்த்துக்கொண்டார். அண்ணாச்சி தட்டைத் தம் வேட்டிக்கு நேரே பிடித்தார். வெள்ளி. தம்பி சட்டைக்கு நேரே பிடித்தார். ஊதா. கடைக்காரர் சட்டைக்கு நேரே பிடித்தபோது கட்டம் போட்டிருந்தது. ஆய்வு இவ்விடத்தில் முறிந்தது.

முன்வரிசைத் தலையியல்

இனி இவ்வாய்வின் இதயப் பகுதி. ஏனைய சான்றுகளெல்லாம் புறச்சான்றுகள். படத்துக்குள்ளேயே நின்று பேசும் அகச்சான்று ஒன்று உண்டென்றால் அது படத்தை மறைக்கும் தலைதான். இதுவரை எந்தப் பல்கலைக்கழகமும் இதற்கு இருக்கை அமைக்கவில்லை. அமைத்தால் முன்வரிசையில் அமைக்க வேண்டும்.

கேமரா பிரிண்டில் தலை தெரியும், கம்பெனி பிரிண்டில் தெரியாது என்பதே பாமரர் கருத்து. இது தவறு. கம்பெனியார் ஜிம்மி ஜிப் வைத்துக் கூட்டத்தின் மேல் ஒரு சுற்றுச் சுற்றுவார்கள், அதில் ஆயிரம் தலை தெரியும். ஆகவே தலையின் எண்ணிக்கை சான்றாகாது. தலையின் நடத்தைதான் சான்று. கம்பெனி டிவிடியில் தலை ஆடும். திருட்டு டிவிடியில் தலை எழுந்து போகும். இந்த ஒரு விதியைக் கண்டடைய இக்கட்டுரையாளர் பட்ட பாடு கொஞ்சமல்ல. அதை ஒரு பக்கச் சுருக்கமாக வெளியிடுமாறு நண்பர்கள் வற்புறுத்தினர். ஒரு பக்கத்தில் முடிவதற்கு ஆராய்ச்சி என்று பெயர் கிடையாது.

எழுந்து போகும் தலைகள் பலவகைப்படும். பாத்ரூமுக்குப் போகும் தலை குனிந்து போகும். தெரிந்தவரைப் பார்த்துவிட்ட தலை நிமிர்ந்து போகும், கூடவே ஒரு கையும் உயரும். சோகப் பாட்டுக்கு எழும் தலை பாத்ரூமுக்கும் போகாது, தெரிந்தவரிடமும் போகாது. அது எங்கே போகிறது என்பது ஆய்வாளர்களுக்கு விடப்பட்டுள்ளது. பூ வைத்த தலை மேடையின் இடப்பக்கத்தை மறைக்கும், வயலின்காரர்கள் முழுவதும் போய்விடுவர். வழுக்கைத் தலை மறைப்பதோடு நில்லாமல் மேடை விளக்கை வாங்கிக் கேமராவுக்கே திருப்பி அடிக்கும். தந்தையின் தோளில் ஏறிய குழந்தையின் தலையைத் தனித் தலையாகக் கொள்வதா, தந்தையின் தலையின் நீட்சியாகக் கொள்வதா என்பதில் வழக்கு உண்டு. இரண்டு என்பர் ராஜபாளையத்தார். டிக்கெட் எடுத்த கணக்குப்படி ஒன்று என்பர் ஸ்ரீவில்லிபுத்தூரார்.

நமக்குக் கிடைத்த பிரதி ஒன்றில், திரையின் இடது கீழ்மூலையில், ஒரு தலை நெடுநேரம் அசையாமல் நிற்கிறது. ஆடவும் இல்லை, எழுந்து போகவும் இல்லை. விதிக்குள் அடங்காத இந்தத் தலையைப் பற்றிப் பெருகியுள்ள இலக்கியம் கடல் போன்றது. அது தலையே அல்ல, ஸ்பீக்கர் என்பர் ஒரு சாரார் (டீக்கடைப் பெஞ்ச், இடது ஓரம், மாலைப் பதிப்பு). ஸ்பீக்கருக்குக் காது இருக்காது என்று இதை மறுப்பர் வேறொரு சாரார் (மேற்படி பெஞ்ச், வலது ஓரம், இரண்டாம் டீ, திருத்திய பதிப்பு). அது ராஜபாளையத்துக்காரர் ஒருவரின் தலையே என்றும், அன்று அவர் மில்லில் லீவு சொல்லாமல் சென்னைக்குப் போனார் என்றும் ஒரு செய்தி வழங்குகிறது. (சொன்னவர் ரீசார்ஜ் கடைக்காரர். அவருக்குச் சொன்னவர் அவர் மச்சான். மச்சானுக்குச் சொன்னவர் ஸ்டேடியம் வாசலில் தண்ணீர் பாக்கெட் விற்றவரின் பக்கத்து வீட்டுக்காரர். 'தண்ணீர் பாக்கெட்' என்ற இடத்தில் 'சுண்டல்' என்றும் பாடம். சுண்டல் பாடமே சிறந்ததென்பது எம் கருத்து, உள்விளையாட்டரங்க வாசலிலும் கடற்கரை நினைவு வரும் ஆதலின். மச்சான் இச்செய்தியைத் தாம் சொல்லவேயில்லை என்று இப்போது மறுப்பது அவருடைய பிற்காலக் கொள்கை. அதை மூலக் கொள்கையோடு போட்டுக் குழப்பலாகாது.)

இந்தத் தலையைக் கொண்டு காலத்தையும் நிறுவ முயன்றோம். 2005 டிவிடியில் முடியோடும், 2011 டிவிடியில் முடி குறைந்தும் தோன்றினால் இரண்டும் நம்பத்தக்க பிரதிகள். கிடைத்ததோ நேர் எதிர். 2005-இல் மொட்டை, 2011-இல் அடர்ந்த முடி. உறைகள் மாறிவிட்டன என்பதே எளிய விளக்கம், ஆகவே அதைத் தள்ளினோம். 2005 கச்சேரிக்குச் சற்று முன் அவர் இருக்கன்குடி மாரியம்மனுக்கு முடி இறக்கியிருக்க வேண்டும் என்று கொண்டால் எல்லாம் ஒழுங்காகப் பொருந்துகிறது. வேண்டுதல் என்னவாக இருக்கும் என்று ஒரு தனிக் கட்டுரை எழுதப்பட்டுவருகிறது.

சட்டச் சான்றுகள்

காப்புரிமைச் சட்டம், 1957, பிரிவு 52ஏ, வீடியோப் படத்தின் உறையில் என்னென்ன இருக்க வேண்டும் என்று தெளிவாகச் சொல்கிறது. எடுத்தவர் பெயர், முகவரி. உரிமையாளரிடம் அனுமதி பெற்றதாக அவர் தரும் உறுதிமொழி. காப்புரிமை உடையவரின் பெயர், முகவரி. தணிக்கை தேவையான படமென்றால் சான்றிதழின் நகல். மீறினால் மூன்றாண்டு வரை சிறை. இவ்வளவு எளிதாக விடை கிடைத்துவிடும் என்று தெரிந்திருந்தால் தலையியலைத் தொடங்கியிருக்கவே வேண்டாம் என்று சிலர் சொல்லலாம். அதனால்தான் இதைப் பின்னால் வைத்தோம்.

இரண்டு ஊர்களிலும் சேகரித்த தட்டுகளில் இப்பிரிவின் முதல் நிபந்தனையை முழுமையாக நிறைவேற்றியது ஒன்றே ஒன்று. ஸ்டூடியோவின் பெயர், கதவு எண், தெரு, இரண்டு போன் நம்பர், 'எங்களுக்கு வேறு கிளைகள் இல்லை' என்ற அறிவிப்பு வரை எல்லாம் அச்சாகியிருந்தன. பரபரப்போடு பிளேயரில் போட்டோம். ஒரு காதுகுத்து விழா. தாய்மாமன் மடியில் குழந்தை அலற, பின்னணியில் இளையராஜாவின் பாட்டு தொடர்ந்து ஓடியது. அந்தப் பாட்டுக்கு அனுமதி பெற்றதாக உறுதிமொழி எதுவும் உறையில் காணப்படவில்லை. ஆனால் முகவரி துல்லியம்.

'எங்களுக்கு வேறு கிளைகள் இல்லை' என்ற வாசகம் ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கிருந்து பரவியிருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை. பால்கோவாக் கடைகள் வரிசையாக நிற்கும் ஊரில் ஒவ்வொன்றும் ஒரிஜினல். 2019-இல் அந்தப் பால்கோவாவுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அரசாங்கமே அசல் என்று சொன்ன பிறகும் எந்தக் கடையும் தன் போர்டில் இருந்த 'ஒரிஜினல்' என்ற சொல்லை அழித்ததாகத் தெரியவில்லை. டிவிடிக்கும் இதுவே நேரும். அசல் எது என்று நாளைக்கே தீர்ப்பு வந்தாலும் ராஜபாளையத்து ஷோகேஸிலிருந்து எந்தத் தட்டும் இறங்காது.

மாநிலச் சட்டத்தையும் காண்போம். 1982-ஆம் ஆண்டின் 14-ஆம் சட்டத்தைக் குண்டர் சட்டம் என்று சுருக்கமாகச் சொல்கிறோம். அதன் முழுப்பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் ஆறின டீயை யாரும் குடிக்க மாட்டார்கள். கள்ளச்சாராயம் காய்ச்சுவோரில் தொடங்கும் அந்தப் பெயரில் 2004-இல் வீடியோத் திருடர்களைக் கொண்டுவந்து கடைசியில் சேர்த்தார்கள். பின்னால் சைபர் குற்றவாளிகள், மணல் குற்றவாளிகள் எல்லாரும் வந்து ஏறியும், முதலிடம் சாராயத்துக்கும் கடைசி இடம் வீடியோவுக்கும் மாறவில்லை. இந்த வைப்புமுறையின் உட்பொருள் ஆழமானது. மனிதன் முதலில் குடிக்கிறான், இறுதியில் கச்சேரி பார்க்கிறான், இடையில் மணல் அள்ளுகிறான். ஆங்கில அகரவரிசைப்படி அடுக்கியிருக்கிறார்கள், அவ்வளவுதான் என்று ஒரு வக்கீல் சொன்னார். அவருடைய விளக்கம் சரியாக இருப்பதால் ஆய்வுக்குப் பயன்படவில்லை.

அண்மைக்காலம்

2024 டிசம்பர் 15 அன்று ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலில் இளையராஜாவின் 'திவ்ய பாசுரம்' இசைக்கு நாட்டிய நிகழ்ச்சி நடந்தது. அவரும் வந்திருந்தார். இந்த ஊர் வரலாற்றிலேயே இத்துறைக்கு இப்படியொரு வாய்ப்பு வாய்த்ததில்லை. கூட்டத்தில் எத்தனை கை இருந்ததோ அத்தனை செல்போன். ஆனால் மறுநாள் நாடு முழுக்கப் பார்த்தது பாசுரத்தையும் அல்ல, நாட்டியத்தையும் அல்ல, அர்த்த மண்டபத்து வாசலில் அவர் தடுக்கப்பட்டதாகச் சொல்லப்பட்ட சில நொடிகளை. அறநிலையத் துறை விளக்கம் கொடுத்தது, பரவுவது வதந்தி என்று அவரும் மறுத்தார், விவாதம் ஓயவில்லை. கச்சேரி வீடியோவில் கச்சேரி இருந்தாக வேண்டும் என்ற கட்டாயம் இத்துடன் நீங்கிற்று. முன்வரிசைத் தலை, மேடையையே வெளியேற்றிவிட்டது.

அடுத்தகட்ட ஆய்வு

மேற்படி காப்புரிமைச் சட்டத்தின் பிரிவு 39-ஐ வாசகர்கள் ஊன்றிப் படிக்க வேண்டும். தன் சொந்த உபயோகத்துக்காகவோ, நேர்மையான கற்பித்தலுக்காகவோ ஆராய்ச்சிக்காகவோ மட்டும் ஒரு நிகழ்ச்சியைப் பதிவு செய்தால் அது நிகழ்த்துநரின் உரிமையை மீறியதாகாது என்கிறது அது. பாட்டின் காப்புரிமை வேறு சங்கதி, ஆய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது. ஆராய்ச்சி என்ற சொல் சட்டத்திலேயே இருக்கிறது என்பதுதான் முக்கியம். இக்கட்டுரை ஆராய்ச்சி அல்ல என்று இனி யாரேனும் சொன்னால் இக்கட்டுரையாளரின் அலமாரி முழுவதும் ஆபத்துக்குள்ளாகும் என்பதைத் தேர்வாளர்கள் மனத்தில் கொள்ள வேண்டுகிறோம்.

ஆகவே ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரங்களில் கச்சேரி டிவிடி வைத்திருப்போர் அவற்றை ஆய்வுக்காக ஒப்படைக்கலாம். ஊதா, வெள்ளி இரண்டும் ஏற்கப்படும். திருப்பித் தருவது ஆய்வு முடிவைப் பொறுத்தது. 'என்றென்றும் ராஜா' கீறல் விழாமல் வைத்திருப்பவர்கள் வரிசையில் நிற்கத் தேவையில்லை. காதுகுத்து டிவிடியின் சொந்தக்காரர் வந்து தம்முடையதைப் பெற்றுக்கொள்ளலாம். தாய்மாமன் போட்ட செயின் எத்தனை பவுன் என்று கேட்டுச் சரியாகச் சொன்ன பிறகே தரப்படும்.